வேளைக்காரர் காவல் நின்ற பள்ளி

கொழும்பிலிருந்து பொலன்னறுவைக்கு ஒரே நாளில் போய் வருவது, கணக்குப் பார்த்தால் கொஞ்சம் விசர்வேலைதான். வெள்ளவத்தையில் விடிய நாலு மணிக்கு வான் ஏறினால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை எல்லாம் தாண்டிப் போய்ச் சேர ஒன்பது, ஒன்பதரை ஆகும். திரும்பி வரவும் அதே அளவு வேணும். இடையில் சாப்பாடு, தேத்தண்ணி, டிக்கட் வரிசை. கடைசியில் இடிபாடுகளுக்குள் நிற்கக் கிடைப்பது நாலு மணித்தியாலம். அதற்குள் ஒரு வழிகாட்டி இருநூறு வருசத்துக்கு மேற்பட்ட கதையைச் சொல்லி முடிக்க வேண்டும். எதையாவது விட்டுத்தானே ஆக வேணும்? எதை விடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கேள்வி.

போன வருசம் டொரொன்டோவிலிருந்து பெரியம்மா குடும்பம் வந்தபோது இப்படி ஒரு டூர் புக் பண்ணினார்கள். ஒரு வான், ஒரு சாரதி, லைசன்ஸ் உள்ள ஒரு வழிகாட்டி. எங்களைத் தவிர வேறு ஆட்கள் இல்லை. "நீ யூனியில ஹிஸ்டரி தானே படிக்கிறாய், நீயும் வா" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா வரவில்லை. அவாவுக்கு அந்த ரோட்டு என்றால் இன்னும் செக்பொயின்ட்தான் ஞாபகம். சண்டைக் காலத்தில் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் போகும்போது அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி பொலன்னறுவையைக் கடந்திருக்கிறா. இறங்கிப் பார்த்ததே இல்லை. கொட்டாஞ்சேனையில் போர்டிங்கில் இருக்கிற என் மட்டக்களப்பு நண்பிக்கும் கிட்டத்தட்ட அதே கதை. கோட்டையில் இரவு ரயில் ஏறினால் பொலன்னறுவை ஸ்டேசன் வருகிற நேரம் அவள் நல்ல நித்திரை. தமிழ் ஆட்கள் நிறையப் பேர் வாழ்நாள் முழுக்கக் கடந்துகொண்டே இருக்கிற, ஆனால் இறங்காத ஊர் அது.

எங்கள் வழிகாட்டி அறுபது வயதைத் தாண்டியவர். நல்ல மனுசன், நல்ல ஆங்கிலம், பழைய கட்டடங்களில் உண்மையான பிரியம். என்னை 'நங்கி' என்றார், தம்பியை 'மல்லி' என்றார். காலையில் 'மேடம்' ஆக இருந்த பெரியம்மா, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு 'அக்கா' ஆகிவிட்டா. ஹட்டதாகேயை அறுபது நாழிகையில் கட்டினார்கள் என்ற கதை, வட்டதாகேயின் சந்திரவட்டக் கல்லில் ஏன் எருது இல்லை என்ற கதை (இந்துக்களுக்கு அது நந்தியாம், மிதிக்கக் கூடாதாம்), கல்விகாரையில் நிற்கிற சிலை புத்தரா ஆனந்தரா என்ற பழைய வாதம் என்று எல்லாம் ரசிக்கும்படி சொன்னார்.

ஆனால் பெரிய கதை மூன்று அங்கத்தில் முடிந்துவிட்டது. சோழர் வந்து அநுராதபுரத்தை அழித்தார்கள். விஜயபாகு அவர்களைத் துரத்தினான், பராக்கிரமபாகு சமுத்திரம் கட்டினான். மாகன் வந்து எல்லாவற்றையும் அழித்தான். முதலாவது அங்கத்தைச் சொல்லும்போது 'தமிழர்' என்று வாயெடுத்து, எங்களைப் பார்த்து, 'சவுத் இந்தியன்ஸ்' என்று மாற்றிக்கொண்டார். எங்கள் மனம் நோகக்கூடாது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மாற்றத்துக்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கு: இந்த நகரத்தில் தமிழ் என்பது எப்பவும் வெளியே இருந்து படையோடு வருகிற ஒன்று.

இதை அவர் தன்பாட்டில் கட்டிச் சொல்லவில்லை. சூளவம்சம் கதையை அப்படித்தான் அடுக்கியிருக்கு, நாங்கள் தமிழ்மூலத்தில் படித்த வரலாற்றுப் புத்தகமும் அதே வரிசையில்தான் போகும். வானத்திலிருந்து விழுகிற ஒரு துளி நீரும் பயன்படாமல் கடலுக்குப் போகக் கூடாது என்ற பராக்கிரமபாகுவின் கட்டளையை ஓ/எல் எழுதிய எல்லாரும் மனப்பாடம் பண்ணியிருப்போம். அந்தப் பராக்கிரமபாகுவின் அப்பப்பா ஒரு பாண்டிய இளவரசன் என்பதை எத்தனை பேர் மனப்பாடம் பண்ணினோம்? விஜயபாகு தன் தங்கை மித்தாவைப் பாண்டிய இளவரசன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தான். அவர்களுக்கு மூன்று ஆண்பிள்ளைகள். அதில் மாணாபரணன் என்பவனின் மகன்தான் பராக்கிரமபாகு. இதை மறைத்து வைத்திருந்தது யாருமில்லை, சூளவம்சமே பெருமையாகச் சொல்கிறது. அந்தக் காலத்தில் பாண்டிய ரத்தம் என்பது ஒரு அரசனுக்கு மதிப்பு.

இப்ப, நான் வானுக்குள் இருந்தபடியே காத்திருந்த கல்லுக்கு வருவோம்.

பொலன்னறுவையின் நடுவில் 'தலதா மளுவ' என்று ஒரு உயர்ந்த மேடை இருக்கு. வட்டதாகே, ஹட்டதாகே, சத்மகால் பிரசாதம் எல்லாம் அங்கேதான். எல்லா வழிகாட்டியும் கல்பொத்தவுக்கு முன்னால் ஆட்களை நிறுத்துவார்கள். நிசங்கமல்லன் (1187–1196) வெட்டுவித்த, ஏறத்தாழ 8 மீற்றர் நீளமான கல். இருபத்தைந்து தொன் என்று சொல்வார்கள். மிகிந்தலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தது. பௌத்தரல்லாதவர் இந்த நாட்டை ஆளக் கூடாது என்று அந்தக் கல்லில் எழுதியிருக்கு. எழுதுவித்தவன் கலிங்க நாட்டிலிருந்து வந்தவன்! வெளியே இருந்து வந்தவன்தான் உள்ளே யார் இருக்கலாம் என்று கல்லில் வெட்டுகிறான். நாங்கள் அங்கே பத்து நிமிசம் நின்றோம்.

அங்கிருந்து சில அடி தள்ளி, அட்டதாகேக்குப் பக்கத்தில், இன்னொரு பலகைக்கல் நிற்குது. அதை நாங்கள் நடந்து கடந்தோம். அதுதான் வேளைக்காரர் கல்வெட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் ஆரம்பம், மொழி தமிழ்.

முதலில் அந்தச் சொல். 'வேலைக்காரர்' இல்லை, 'வேளைக்காரர்'. வேளை வந்தால் உயிரைக் கொடுப்போம் என்று சபதம் எடுத்த படை என்று விளக்கம் சொல்வார்கள். சோழ நாட்டிலும் இப்படிப் படைகள் இருந்தன. விஜயபாகு 1070 இல் சோழரை வெளியேற்றினானே, அதற்குப் பிறகு அவனுடைய சம்பளத்தில் பொலன்னறுவையில் இருந்த படை இது. சோழர் போய்விட்டார்கள், தமிழ் பேசுகிற படை போகவில்லை. துரத்தினவனிடமே வேலை செய்துகொண்டிருந்தது.

இவர்களை விசுவாசத்தின் வடிவம் என்று நினைத்துவிடக் கூடாது. 1080களில் விஜயபாகு சோழருக்கு எதிராக இவர்களை அனுப்பப் பார்த்தபோது போகமாட்டோம் என்று கலகம் செய்தார்கள். சூளவம்சத்தின்படி இரண்டு சேனாதிபதிகளைக் கொன்று, அரண்மனைக்குத் தீ வைத்து, அரசனின் தங்கை மித்தாவையும் அவளின் மூன்று பிள்ளைகளையும் பிடித்து வைத்தார்கள். ஓம், அதே மித்தாதான். பராக்கிரமபாகுவின் அப்பா சின்ன வயதில் இந்தப் படையின் பணயக்கைதி. அரசன் திரும்பி வந்து கலகத்தை அடக்கி, தலைவர்களின் கைகளைப் பின்னால் கட்டி, அவர்கள் கொன்ற சேனாதிபதிகளின் சிதையைச் சுற்றி நிறுத்தி எரித்தான். கொடூரமான காலம், இரண்டு பக்கமும்.

இதற்கு ஒரு கால் நூற்றாண்டு கழித்துத்தான் அந்தக் கல் வெட்டப்படுகிறது. விஜயபாகு 1110 அளவில் இறந்துவிட்டான். அவனுடைய ஆணைப்படி தேவ சேனாதிபதி என்பவன் கட்டிய தந்ததாதுக் கோயில் நகரத்தின் நடுவில் இருக்கு. புத்தரின் பல்லும் பாத்திரமும் உள்ளே. அரசுரிமைச் சண்டை நடக்கிற நேரம். உத்துருமுல என்ற பிரிவைச் சேர்ந்த முகலன் என்ற மகாதேரர், ராஜகுரு, அமைச்சர்களோடு வேளைக்காரரிடம் வருகிறார். இந்தக் கோயிலை நீங்கள் பொறுப்பெடுக்க வேணும் என்று கேட்கிறார். படை கூடுகிறது. தங்கள் மூத்தவர்களாக வலஞ்சியரையும் நகரத்தாரையும் கூப்பிடுகிறார்கள். அதாவது வணிகக் கணங்களை. சம்மதிக்கிறார்கள். கோயிலுக்குத் தங்கள் பெயரையே வைக்கிறார்கள்: மூன்றுகைத் திருவேளைக்காரன் தலதாய்ப் பெரும்பள்ளி. காவலுக்கு ஆள் விடுகிறார்கள், நிலம் கொடுக்கிறார்கள். கோயிலின் ஊர்களையும் பண்டாரத்தையும் அங்கே தஞ்சம் என்று வந்தவர்களையும் நாங்கள் அழிந்தாலும் காப்போம், சந்திரசூரியர் உள்ளவரை இது நிற்கும் என்று கல்லில் சத்தியம் செய்கிறார்கள்.

யாரிடமிருந்து காப்பது? கல்லில் அது இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆட்சியைப் பிடித்த விக்கிரமபாகு விகாரைகளின் சொத்தைப் பறித்ததாகவும், பிக்குகள் பல்லையும் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு உருகுணைக்கு ஓடியதாகவும் சூளவம்சம் எழுதுகிறது. மகாதேரர் எந்தப் பக்கத்தைப் பார்த்துப் பயந்திருப்பார் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். தந்ததாதுக்கு ஆபத்து அரண்மனைக்குள்ளிருந்தே வரக்கூடும் என்ற நேரத்தில் அவர் கதவைத் தட்டியது தமிழில் சத்தியம் செய்கிற ஒரு படையின் கதவை.

இந்த இடத்தில் எங்கள் ஆட்கள் "பார்த்தியா, தமிழன்தான் புத்தரின் பல்லைக் காப்பாத்தினவன்" என்று ஸ்டேட்டஸ் போடத் தொடங்கிவிடுவார்கள். கொஞ்சம் பொறுங்கோ. அந்தக் கல்வெட்டு தன் படையில் யார் யார் என்று பட்டியல் போடுது. வலங்கை, இடங்கை, சிறுதனம், பிள்ளைகள்தனம் என்று போய், வடுகர், மலையாளர் என்றும் சொல்லுது. வடுகர் என்றால் தெலுங்கு, கன்னடப் பக்கத்து ஆட்கள். இன்றைக்கு நாங்கள் 'தமிழர்' என்று சொல்கிற கட்டத்துக்குள் அந்தப் படை முழுசாக அடங்காது. பல ஊர்க்காரர் சேர்ந்த ஒரு படை, ஒரு பௌத்த விகாரையோடு ஒப்பந்தம் செய்யும்போது, பொதுமொழியாகத் தமிழை வைத்திருக்கு. எனக்கு இதுதான் பெரிய விசயம். தமிழ் அந்த நகரத்தில் ஒரு இனத்தின் அடையாளமாக மட்டும் இருக்கவில்லை; கொடுக்கல் வாங்கலும் சத்தியமும் நடக்கிற ஒரு மொழியாக இருந்திருக்கு.

வழிகாட்டியிடம் கேட்டேன், இந்தக் கல்லைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று. அவர் கோபப்படவில்லை. "நங்கி, டூரிஸ்ட்ஸ் இதைக் கேக்கிறதில்ல. தமிழ் ஆட்கள் வந்தாலும் சிவ தேவாலயத்துக்குத்தான் போகக் கேப்பாங்க" என்றார். உண்மைதான். தம்பி அந்த நேரம் வெயில் தாங்காமல் மரத்தடியில் இருந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியம்மா மட்டும் கிட்ட வந்து எழுத்துகளைப் பார்த்தா. பழைய எழுத்து, நடுநடுவே கிரந்தம், தேய்ந்தும் போயிருக்கு. ஒரு த, ஒரு ம, ஒரு ன கண்டுபிடித்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரிக்கு மேல் விரலை ஓட்டி, கல்லைத் தொடாமல், எழுத்துக்கூட்டிக்கொண்டே போனா. வழிகாட்டி நேரத்தைப் பார்த்தார், ஆனால் கூப்பிடவில்லை.

சிவ தேவாலயங்களுக்கும் போனோம். இரண்டாம் சிவ தேவாலயம்தான் இப்ப பொலன்னறுவையில் முழுசாக நிற்கிற கட்டடங்களிலேயே மிகப் பழையது. கருங்கல்லில் கட்டிய சின்ன, அடக்கமான சோழர் கோயில். விமானம் உச்சி வரைக்கும் அப்படியே இருக்கு. சுவரில் தமிழ் கல்வெட்டுகள். பெயர் வானவன்மாதேவி ஈஸ்வரம். ராஜராஜனின் அரசி, ராஜேந்திரனின் அம்மா. நாங்கள் போன அன்று லிங்கத்தில் பூ இருந்தது. பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டா.

'பொன்னியின் செல்வன்' படம் வந்த நேரம் எங்கள் செட்டில் பாதிப் பேர் சோழப் புலிக்கொடியை டீபீ ஆக்கி வைத்திருந்தது ஞாபகம் இருக்குமே. அந்த மனநிலையோடு வந்தால் இந்தக் கோயில் ஒரு வெற்றிச் சின்னம். 993 அளவில் ராஜராஜனின் படை வந்தது, 1017 இல் ஐந்தாம் மகிந்தன் பிடிபட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கேயே இறந்தான், பொலன்னறுவை ஜனநாதமங்கலம் ஆனது. எல்லாம் சரி. ஆனால் அநுராதபுரத்து விகாரைகளைச் சூறையாடினதும் அதே படைதான் என்று சூளவம்சம் சொல்வதை மட்டும் பொய் என்று தள்ளிவிட்டு, மிச்சத்தை மட்டும் பெருமைக்கு எடுத்துக்கொள்ள ஏலாது. எனக்கென்னவோ வழிகாட்டியின் மூன்று அங்கக் கதையும் எங்கள் புலிக்கொடிக் கதையும் ஒரே கதை மாதிரித்தான் படுது. நாயகனும் வில்லனும் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள். இரண்டிலும் படை வருகிறது, படை போகிறது, நடுவில் அங்கே வாழ்ந்த சனம் இல்லை.

அந்தச் சோழரே அவ்வளவு எளிதாக ஒரு கட்டத்துக்குள் நிற்கிறவர்கள் இல்லை. இதே ராஜராஜன் நாகபட்டினத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தவன். திருகோணமலைக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை என்று ஒரு பௌத்தக் கோயில் இருக்கு. சோழர் காலத்தில் அதற்கு ராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர். விளக்கெரிக்கப் பசுவும் பணமும் கொடுத்தவர்களின் பெயர்கள் அங்கே தமிழில் வெட்டியிருக்கு. 'பெரும்பள்ளி' என்ற அதே சொல்லைத்தான் பிறகு வேளைக்காரரும் எடுத்துக்கொண்டார்கள். பௌத்தரான புத்தமித்திரர் 'வீரசோழியம்' என்ற தமிழ் இலக்கண நூலை எழுதியதும் இதே பதினோராம் நூற்றாண்டில், வீரராஜேந்திர சோழன் பெயரில். தமிழ் என்றால் சைவம், சிங்களம் என்றால் பௌத்தம் என்ற எங்கள் கணக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்காது. மறுபக்கமும் அப்படித்தான்: விஜயபாகு காலத்தில் கந்தளாயில் அவனுடைய பெயரிலேயே விஜயராஜ ஈஸ்வரம் என்று ஒரு சிவன் கோயில் இருந்தது. 'பௌத்தரல்லாதவர் ஆளக் கூடாது' என்ற நிசங்கமல்லனும் ராமேஸ்வரத்தில் ஒரு கோயில் கட்டியதாகத் தன் கல்வெட்டுகளில் பீற்றிக்கொண்டவன்தான்.

திரும்ப வரவேண்டிய நேரம் ஆகிவிட்டதால் வடக்குப் பக்கத்தில் ஒரு இடத்துக்கு வான் போகவில்லை. ரோட்டில் நின்று காட்டினார். கல்விகாரைக்கு அப்பால், திவங்க சிலைமனைக்குப் போகிற வழியில், மரம் மூடிய ஒரு பெரிய மண்மேடு. அதன் பெயர் தெமள மகா சேய, தமிழ்ப் பெருந்தாதுகோபம். தமிழர் கட்டினதோ என்று தம்பி கேட்டான். ஒரு விதத்தில் ஓம். பாண்டிய நாட்டில் இரண்டு பங்காளிகள் அரசுரிமைக்கு அடிபட்டபோது பராக்கிரமபாகு ஒரு பக்கத்துக்கு உதவி என்று லங்காபுரன் என்ற தளபதியை அனுப்பினான். அந்த யுத்தத்தில் பிடித்துக்கொண்டு வந்த கைதிகளை வைத்துக் கட்டத் தொடங்கிய தாதுகோபம் அது. கடைசி வரைக்கும் முடியவில்லை.

அந்தக் கைதிகளில் ஒருவனின் பெயர்கூட எங்கும் இல்லை. வானவன்மாதேவிக்குக் கோயில் இருக்கு, வேளைக்காரருக்குக் கல் இருக்கு, செங்கல் சுமந்தவர்களுக்கு அந்த மேடு மட்டும்தான். டே டூருக்கு அங்கே நேரம் இருக்காது. அதை நான் வழிகாட்டியின் குற்றமாகச் சொல்லவில்லை. புலிக்கொடி டீபீ வைத்தவர்களும் அங்கே போக மாட்டார்கள், ஏனென்றால் அது தோற்றவர்களின் இடம்.

பொலன்னறுவைக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கு. 1907, 1908 இல் முதலாம் சிவ தேவாலயத்தைத் தோண்டியபோது வெண்கலச் சிலைகள் வெளியே வந்தன. அவற்றைப் பற்றி ஆனந்த குமாரசுவாமி 1914 இல் ஒரு நூலே எழுதினார். சிலைகள் கொழும்பு நூதனசாலையில் இருக்கு, குமாரசுவாமியின் பெயர் வைத்த ரோட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். வெள்ளவத்தையிலிருந்து ஒரு பஸ், கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பஸ். நடராஜரைப் பார்க்கத்தான் எல்லாரும் போவார்கள். நான் சொல்வது அவரைத் தாண்டி, பொலன்னறுவையிலிருந்து வந்த காரைக்கால் அம்மையாரைப் பாருங்கோ. எலும்பும் தோலுமாக, கையில் தாளத்தோடு பாடிக்கொண்டிருக்கிறா. அம்மையார் வணிகர் வீட்டுப் பெண். புருசன் கப்பலில் வியாபாரம் போனவன். அவாவின் உருவம் கம்போடியாவின் பன்டேய் ஸ்ரே கோயிலிலும் இருக்கு. வணிகர் போன கடல்வழியெல்லாம் அவாவும் போயிருக்கிறா என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். பொலன்னறுவைக்கு அவாவைக் கொண்டுவந்து வைத்தவர்கள், தந்ததாதுக் கோயிலைப் பொறுப்பெடுக்கிற அன்றைக்கு வேளைக்காரர் தங்கள் மூத்தவர்களாக முன்னால் இருத்திய அந்த வலஞ்சியர், நகரத்தார் வழி ஆட்களாகக்கூட இருக்கலாம்.